சீனாவில் "இரண்டாம் நிலை" என்றால் நிம்மதியா, பயமா? டைபூன் எண்களைப் பற்றி ஓர் இழை

#1 மதுராந்தகம் அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். தம்பி குவாங்சோவில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கிறான். 2025 செப்டம்பரில் ரகசா டைபூன் வந்தபோது எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லத்தான் இந்த இழை.

குவாங்டாங் மாகாண அரசு அவசர நடவடிக்கை நிலையை அறிவித்தபடி இருந்தது. தம்பி அதைக் குடும்ப வாட்ஸப்பில் போடுவான். "மூன்றாம் நிலை" என்றான், அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து "இரண்டாம் நிலை" என்று வந்தது. "அப்பாடா, குறைஞ்சுடுச்சு" என்று எழுந்து இட்லிக்கு ஊறப்போடப் போய்விட்டாள். மறுநாள் "முதலாம் நிலை" என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாமா கைகூப்பும் பொம்மைகள் மூன்று அனுப்பினார்.

அங்கே தம்பி ஹாஸ்டல் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். கடைகள் மூடியாயிற்று, பேருந்து இல்லை, வகுப்பு இல்லை. முதலாம் நிலைதான் உச்சமாம்! யாராவது இந்த எண்களையெல்லாம் ஒழுங்காக விளக்குங்கள். சூப்பர் டைபூன், சிவப்பு, முதலாம் நிலை எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

#2 மழைமானி

அண்ணா, ரயிலில் முதல் வகுப்பு பெரிதா, இரண்டாம் வகுப்பு பெரிதா? அதே கணக்குதான். சீனாவில் நடவடிக்கை நிலை நான்கில் தொடங்கி ஒன்றில் முடியும். அம்மா மேல் தப்பே இல்லை.

நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வேறு ஏணிகள்.

முதலாவது புயலின் தரம். இது காற்றின் வேகம் மட்டும்தான். சீன வானிலைத் துறை 2006 முதல் ஆறு படி வைத்திருக்கிறது. வெப்பமண்டலத் தாழ்வு மண்டலம், வெப்பமண்டலப் புயல், கடும் புயல், நொடிக்கு 32.7 மீட்டரைத் தொட்டால் டைபூன், 41.5இல் கடும் டைபூன், 51ஐத் தொட்டால் சூப்பர் டைபூன். 51 மீட்டர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 184 கிலோமீட்டர்.

இரண்டாவது நிறம். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. உங்கள் ஊருக்கு என்ன வரப்போகிறது, எவ்வளவு நேரத்தில் வரப்போகிறது என்பதைச் சொல்வது. உள்ளூர் வானிலை நிலையம் ஏற்றுகிற சிவப்புக்கு அர்த்தம், ஆறு மணி நேரத்துக்குள் 12ஆம் விசை அளவு, அதாவது டைபூன் வேகத்தில், காற்று வரலாம், அல்லது வந்துவிட்டது என்பது.

மூன்றாவதுதான் தம்பி அனுப்பிய ரோமன் எண். வெள்ளத் தடுப்பு, வறட்சி நிவாரணத் தலைமையகம் என்ற அமைப்பு அறிவிப்பது. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இதில் அளக்கப்படுவது அதிகாரிகளின் ஓட்டம், புயலின் பலம் அதில் நேரடியாக இல்லை. யார் தூங்கக்கூடாது, எந்த அணையைத் திறக்க வேண்டும், எத்தனை பேரை வெளியேற்ற வேண்டும் என்று. போதாக்குறைக்கு வானிலைத் துறையே தனக்கென்று உள்ளுக்குள் ஒரு நான்கு நிலை வைத்திருக்கிறது. ஒரே நாளில் செய்தியில் இரண்டு "இரண்டாம் நிலை" வரும்.

#3 நாகை மைந்தன்

இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறேன். உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வைத்தால் என்ன? இங்கே பாருங்கள், பத்தாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்றால் படிக்காத ஆளுக்கும் புரியும். எண் ஏறினால் ஆபத்து ஏறுகிறது. முடிந்தது கதை.

#4 மழைமானி

மைந்தன், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். நம்முடைய கூண்டும் அப்படி நேராக ஏறுகிற ஏணி கிடையாது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் அபாயம்தான். துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் கடக்குமானால் எட்டு. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் ஒன்பது. துறைமுகத்தின் மேலேயோ ரொம்பக் கிட்டத்திலோ கடந்தால் பத்து. ஐந்து, ஆறு, ஏழும் அதே மாதிரி இடம், வலம், மேலே. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எட்டைவிட ஒன்பது பலமான புயல் என்று எந்த விதியிலும் இல்லை. கூண்டு கப்பல்காரர்களுக்காக வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து கேட்கும் நமக்காக அல்ல.

ஹாங்காங்கிலும் இதே குழப்பம் இருந்தது. அங்கே 1917இல் எண்கள் வந்தன. பிறகு அதை மாற்றி, பலத்த காற்று வடமேற்கிலிருந்து வந்தால் 5, தென்மேற்கு 6, வடகிழக்கு 7, தென்கிழக்கு 8. பலம் ஒன்றுதான், திசைதான் வேறு. மக்கள் என்ன நினைத்தார்கள்? ஐந்துதானே, எட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. 1973இல் நான்கையும் எட்டாக்கி, பக்கத்தில் திசையை எழுதிவிட்டார்கள். அதனால்தான் இன்று அங்கே 1, 3, 8, 9, 10 என்று நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கிறது.

#5 ஷாடின்வாசி

ஹாங்காங் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். இங்கே "காற்று எத்தனை" என்று யாரும் கேட்பதில்லை. "எட்டு ஏறுமா, எப்போது ஏறும்" என்றுதான் கேட்பார்கள். எட்டு என்றால் பள்ளி இல்லை, ஆபீஸ் இல்லை. ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வானிலை மையம் சொல்லிவிடும், ஊரே ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பும். எம்டிஆர் ரயிலில் அந்த இரண்டு மணி நேரம் நிற்க இடம் இருக்காது.

மூன்றோ எட்டோ ஏற்றுவதற்கு வைத்திருக்கிற அளவு வேடிக்கையானது. ஊரில் எட்டு இடங்களில் காற்றுமானி வைத்திருக்கிறார்கள். அதில் பாதியிலாவது அந்த வேகம் வரும் என்று தெரிந்தால்தான் ஏற்றுவார்கள். கடலோரத்தில் இருப்பவன் பறந்துகொண்டிருப்பான், மலைக்குப் பின்னால் இருக்கிற என் ஜன்னலில் துணி அசையாது. "இதுக்கா லீவு?" என்போம். அடுத்த தடவை தலைகீழாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. 2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மங்குட். பத்தாம் எண். (மங்குட் என்பது தாய்லாந்து கொடுத்த பெயர், நம் மங்குஸ்தான் பழம்தான். அவ்வளவு இனிப்பான பெயர்.) கட்டிடம் ஊஞ்சல் மாதிரி ஆடியது, கழிவறைக் கிண்ணத்தில் தண்ணீர் தளும்பியதை நானே பார்த்தேன். ஆனால் ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பத்தாம் எண் தன் வேலையைச் செய்தது.

கோளாறு திங்கட்கிழமை காலையில். காற்று குறைந்ததால் எண்ணை மூன்றாக இறக்கினார்கள். எண் இறங்கினால் வேலைக்குப் போக வேண்டும். வெளியே பார்த்தால் மரங்கள் சாய்ந்து தண்டவாளத்தின் மேல் கிடக்கின்றன, பேருந்துகள் ஓடவில்லை. தாய் வாய் ஸ்டேஷனில் நடைமேடைக்கு இறங்கவே ஒன்றரை மணி நேரம் நின்றேன். என் மேலாளர் "சிக்னல் மூன்றுதானே, ஏன் வரவில்லை" என்று செய்தி அனுப்பினார். பதிலுக்குக் கூட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

அரசுக்கு விழுந்த திட்டுகளுக்குப் பிறகுதான் 2019இல் "அதீத நிலைமை" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எட்டை இறக்கினாலும் ஊர் சரியாகவில்லை என்றால் அரசு அதை அறிவிக்கலாம், ஆட்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். 2023 செப்டம்பர் 8 அன்று அது கைகொடுத்தது. அன்று புயலே இல்லை. ஒரு பழைய டைபூனின் மிச்சம், முந்தின இரவு ஒரு மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர் கொட்டியது. 1884இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் அதிகம்.

#6 கப்பல்காரன்

மைந்தனின் "ஒரே அளவுகோல்" கேள்விக்குக் கடலிலிருந்து ஒரு பதில்.

நான் செகண்ட் ஆபீசர். மேற்கு பசிபிக் ஓட்டத்தில் கப்பலைச் செலுத்தும் அறையில் இரண்டு வானிலைத் தாள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று டோக்கியோவிலிருந்து, ஒன்று அமெரிக்கக் கடற்படை மையத்திலிருந்து. ஒரே புயல், ஒரே நேரம், வேகம் மட்டும் ஒத்துப்போகாது. புதிதாக வந்த கேடட் ஒருவன் "சார், இதில் யார் பொய் சொல்கிறார்கள்?" என்று கேட்டான். யாரும் பொய் சொல்லவில்லை. ஜப்பான் பத்து நிமிடக் காற்றைச் சராசரி எடுக்கிறது. அமெரிக்கா ஒரு நிமிடம். சீனா இரண்டு நிமிடம், நம் இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடம். நேரம் குறையக் குறையச் சராசரி பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

2013 ஹையானை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் கணக்கில் மணிக்கு 230 கிலோமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 315. இதில் சராசரி நேரம் மட்டும் காரணமில்லை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மதிப்பிடும் முறையும் கொஞ்சம் வேறு. "சூப்பர் டைபூன்" என்ற சொல்லும் அப்படித்தான். அமெரிக்க மையத்துக்கு ஒரு நிமிடக் கணக்கில் 130 நாட் வேண்டும், அதாவது 240 கிலோமீட்டருக்கு மேல். ஹாங்காங்குக்குப் பத்து நிமிடக் கணக்கில் 185 போதும். பிலிப்பைன்ஸ் 220 வைத்திருந்து 2022இல் 185க்கு இறக்கியது. ஜப்பான் அந்தச் சொல்லையே தன் தரவரிசையில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு "வலுவான", "மிக வலுவான", "உக்கிரமான" அவ்வளவுதான்.

எங்கள் கேப்டன் என்ன செய்வார் தெரியுமா? இரண்டு தாளிலும் பெரிய எண்ணை எடுத்து அதன்படி வட்டம் போடுவார். புயல் போகிற பாதைக்கு வலப்பக்கம் எங்களுக்கு "ஆபத்தான அரைவட்டம்", வட கோளத்தில் அந்தப் பக்கம்தான் காற்று பலமாக இருக்கும். மங்குட் ஹாங்காங்குக்குத் தெற்கே போனது, அதனால் நகரம் அந்த வலப்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. பக்கம் எது என்று தெரியாமல் தரம் மட்டும் தெரிந்து எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கூண்டில் இடம், வலம் வைத்தவன் விவரமானவன்.

#7 தாவாவ் மாணவி

ஹையான் என்று எழுதியதால் சொல்கிறேன். இங்கே அதை யோலாண்டா என்பார்கள், பிலிப்பைன்ஸ் தன் எல்லைக்குள் வரும் புயலுக்குத் தானே ஒரு பெயர் வைக்கும். எங்கள் தாவாவுக்குப் புயல் அபூர்வம். ஆனால் எங்களுக்குச் சமூக மருத்துவம் எடுக்கும் பேராசிரியை, ஹையான் சீரழித்த தக்லோபான் நகரத்துக்காரர். அந்த வகுப்பில் ஒருவரும் போனைத் தொட மாட்டோம்.

2013 நவம்பர் 8. அப்போது இருந்த உச்ச எண் நான்கு. நான்கை ஏற்றினார்கள். எச்சரிக்கை முன்னாலேயே கொடுத்தார்கள். ஆனால் அறிவிப்பில் இருந்த சொல் ஆங்கிலத்தில் "ஸ்டார்ம் சர்ஜ்". ஊர்க்காரர்கள் அதைப் பெருங்காற்று என்றுதான் புரிந்துகொண்டார்கள். கடல் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு எழுந்து உள்ளே வந்தது. அரசுக் கணக்கிலேயே 6,300 பேர் இறந்தார்கள். "சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்" என்று பிழைத்தவர்கள் பலர் பிறகு சொன்னார்கள். எங்கள் பேராசிரியை இதைச் சொல்லிவிட்டுப் பலகையில் அந்த இரண்டு சொல்லையும் எழுதி, பக்கத்தில் எங்கள் தாய்மொழிகளில் அதற்கு என்ன சொல் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார். என் முறை வந்தபோது கை நின்றுவிட்டது. புயல் எழுச்சியா? கடல் சீற்றமா? எங்கள் ஊர் மீனவர்கள் "கடல் பொங்கி உள்ள வந்துருச்சு" என்பார்கள். அதையே எழுதினேன்.

2015இல் ஐந்தாம் எண்ணைச் சேர்த்தார்கள். 185க்கு மேல் காற்று என்றால் இப்போது ஐந்து. ஆனால் அன்று ஐந்து இருந்திருந்தாலும் அதுவும் காற்றின் எண்தானே?

#8 கவாசகி கார்த்தி

ஜப்பானில் ஏணியின் உச்சிப்படிதான் மாட்டிவிடும். இங்கே ஒன்றிலிருந்து ஐந்து வரை, மேலே போகப் போக ஆபத்து. அண்ணனின் அம்மாவுக்கு இது சரிப்படும். ஆனால் "ஐந்து வந்ததும் கிளம்பலாம்" என்று உட்கார்ந்திருந்தால் போச்சு. மூன்று வந்தால் வயதானவர்கள் கிளம்ப வேண்டும். நான்கு வந்தால் எல்லோரும். ஐந்து வந்தால் வெள்ளமோ நிலச்சரிவோ தொடங்கியிருக்கும், வெளியே போகாமல் இருக்கிற இடத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொள் என்று பொருள்.

2021 வரை நான்காம் நிலையிலேயே "வெளியேறும்படி பரிந்துரை", "வெளியேறும்படி உத்தரவு" என்று இரண்டு இருந்தன. பரிந்துரைதானே, உத்தரவு வரட்டும் என்று பலர் இருந்துவிட்டார்கள். அந்த வருடம் மே மாதத்தில் பரிந்துரையை எடுத்துவிட்டார்கள். இப்போது நான்கு என்றால் உத்தரவு மட்டும்தான்.

2019 அக்டோபர் 12, ஹகிபிஸ். ரயில் நிறுவனங்கள் முந்தின நாளே "நாளைக்கு ஓடாது" என்று அறிவித்து நிறுத்தினார்கள். ஹகோனேயில் ஒரே நாளில் 922.5 மில்லிமீட்டர். நாகானோவில் சிகுமா ஆற்றுக் கரை உடைந்து, பணிமனையில் நின்ற பத்து ஷின்கான்சென் ரயில்கள் சேற்று நீரில் வரிசையாக நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் இருந்த கவாசகியில் காற்றால் என் பால்கனிச் செடிகூட விழவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு 47 மாடிக் குடியிருப்பில் அடித்தள மின்சார அறைக்குள் தண்ணீர் போய், லிப்டும் கழிவறையும் பல நாள் வேலை செய்யவில்லை. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் படியில் தண்ணீர் பாட்டில் தூக்கினார்கள்.

#9 நாகை மைந்தன்

ஆக, காற்றை வைத்துத் தரம் பிரிப்பதே வீண் என்கிறீர்களா? கஜா அடித்தபோது எங்கள் தென்னந்தோப்பு காற்றில்தான் போனது, தண்ணீரில் இல்லை. அதையும் நினைவில் வையுங்கள்.

#10 மழைமானி

வீண் இல்லை. கூரைக்கும் தென்னைக்கும் கிரேனுக்கும் காற்றுதான் எமன். ஆனால் ஆட்கள் சாவதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. தரமோ காற்றை மட்டும் பார்க்கிறது. என் சண்டை அங்கேதான்.

தைவானில் மூன்றே தரம், லேசான, மிதமான, கடுமையான. 2009 ஆகஸ்ட் மோராகோட் வெறும் "மிதமான" டைபூன். மெதுவாக நகர்ந்தது, அலிஷான் மலையில் சில நாளில் 2,700 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னையில் இரண்டு வருடத்தில் பெய்கிற மழை அது. சியாவ்லின் என்ற கிராமமே மலைச்சரிவில் புதைந்தது. தைவானில் 700 பேருக்குக் கிட்டே இறந்தார்கள், மீட்புப் பணி தாமதம் என்ற கோபத்தில் பிரதமர் பதவி விலகினார்.

இன்னொன்று டோக்சுரி. 2023 ஜூலை 28 அன்று ஃபூஜியானில் ஜின்ஜியாங் அருகே கரையைக் கடந்தது. அங்கே நிறமும் நடவடிக்கை நிலையும் உச்சியில் இருந்தன. அப்புறம் வலுவிழந்து, பெயரும் தரமும் இல்லாத ஒரு மிச்சமாக வடக்கே போனது. பெய்ஜிங்கில் சாங்பிங் பகுதியில் சில நாளில் 744.8 மில்லிமீட்டர், 140 வருடப் பதிவில் இல்லாத அளவு. பக்கத்தில் ஜுவோஜோ நகரம் மூழ்கியது. கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு "டைபூன்" என்ற சொல்லே தன்னைப் பற்றியது இல்லை.

ரகசாவும் அப்படித்தான். தைவானை நேராகத் தாக்கவில்லை, தெற்கே கடந்து போனது. ஆனால் ஹுவாலியனில் மலைச்சரிவால் உருவான ஓர் ஏரி நிரம்பி வழிந்து குவாங்ஃபு ஊருக்குள் பாய்ந்து பலரைக் கொன்றது. அந்த ஏரி ஜூலையிலிருந்தே அங்கே இருந்தது. அதனால்தான் நடவடிக்கை நிலை என்ற தனி ஏணி வேண்டும் என்கிறேன். காற்று 40 மீட்டரா 50 மீட்டரா என்பதைவிட, மேலே ஓர் ஏரி இருக்கிறதா என்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எல்லா நாட்டுக்கும் ஒரே காற்று அளவுகோல் வைக்கலாம், வைத்தால் கப்பல்காரனுக்கு ஒரு தாள் மிச்சம். நடவடிக்கையை அப்படி ஒன்றாக்க முடியாது. மலை வேறு, வீடு வேறு.

#11 ஷாடின்வாசி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நடவடிக்கை நிலையை அறிவிப்பவர் மனிதர். அங்கேதான் அரசியல் நுழைகிறது. தைவானில் "டைபூன் லீவு" விடுவது அந்தந்த நகர மேயர், மாவட்டத் தலைவர். லீவு விட்டு வெயில் அடித்தால் வியாபாரிகள் திட்டுவார்கள். விடாமல் மழை கொட்டினால் எல்லோரும் திட்டுவார்கள்.

மக்காவ் 2017 ஆகஸ்ட் 23, ஹாட்டோ. காலையில் ஆட்கள் வேலைக்குக் கிளம்பும்வரை எட்டு ஏறவில்லை. அப்புறம் சில மணி நேரத்தில் பத்துக்குப் போனது. பத்துப் பேர் இறந்தார்கள், அதில் சிலர் அடித்தளக் கார் நிறுத்தத்தில் தண்ணீரில் மாட்டியவர்கள். வானிலைத் துறை இயக்குநர் பதவி விலகினார். அடுத்த வருடம் மங்குட்டுக்கு என்ன செய்தார்கள்? சூதாட்ட விடுதிகளையே மூடினார்கள், வரலாற்றில் முதல் முறை. அந்த ஊரில் அதை மூடுவது நம் ஊரில் கோயில் நடையைச் சாத்துவது மாதிரி. ஒருவரும் சாகவில்லை. எண் அதே பத்துதான்.

#12 நெறியாளர்

ஜன்னலில் எக்ஸ் வடிவத்தில் டேப் ஒட்டலாமா என்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள், அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சுருக்கமாக: கண்ணாடி உடையாமல் இருக்க அது உதவாது, உடைந்தால் துண்டுகள் சிதறுவது கொஞ்சம் குறையும். இங்கே எண்களைப் பற்றி மட்டும் பேசவும்.

#13 மதுராந்தகம் அண்ணன்

இழையை முழுவதும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூண்டில் இடம், வலம் இருப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், எனக்குத்தான் தெரியவில்லை!

தம்பியிடமும் கேட்டேன். அவர்கள் ஊரில் "ஐந்து நிறுத்தம்" என்று ஒன்று சொல்வார்களாம். பள்ளி, வேலை, உற்பத்தி, போக்குவரத்து, கடை ஐந்தும் நிற்கும். "அண்ணா, நிலை எண்ணைப் பார்க்காதே. ஐந்து நிறுத்தம் என்று வந்தால் நான் வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன் என்று அர்த்தம்" என்றான். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் "சீனா: 1 தான் பெருசு, 4 சின்னது" என்று கொட்டை எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

#14 கவாசகி கார்த்தி

நல்லது. தம்பி படிப்பை முடித்துவிட்டு ஜப்பானுக்கு வேலைக்கு வந்தால் மட்டும் முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள்.